25 ரூபாய் சீட்டும் 90 பேர் பெட்டியும்

2009 ஜூலை 3-ம் தேதி அன்றைய ரயில்வே அமைச்சர் மம்தா பானர்ஜி நாடாளுமன்றத்தில் ரயில்வே பட்ஜெட் படித்தார். அதில் ஒரு புதிய திட்டம் இருந்தது. பெயர் 'இஜ்ஜத்'. மானம், மரியாதை என்று பொருள். அமைப்புசாராத் தொழிலாளர்களில் மாத வருமானம் 1500 ரூபாயைத் தாண்டாதவர்களுக்கு ஒரு சீசன் டிக்கெட் தருவார்கள். 100 கிலோமீட்டருக்குள் எவ்வளவு தூரம் போனாலும் மாதத்துக்கு ஒரே விலைதான். வெறும் 25 ரூபாய்! பத்து கிலோமீட்டர் போகிறவருக்கும் 25, தொண்ணூறு கிலோமீட்டர் போகிறவருக்கும் 25.

மாதத்தில் 25 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் போக 25, வர 25, ஆக 50 பயணம். ஒரு பயணத்துக்கு ஐம்பது பைசா. அந்தக் காலத்தில் ஐம்பது பைசாவுக்கு ஒரு மிட்டாய்தான் கிடைக்கும்.

இப்படித் தூரத்தைப் பார்க்காமல் ஒரே மலிவு விலை வைத்தால் என்ன ஆகும்? ரயிலில் கூட்டம் கூடும், உட்கார இடம் கிடைக்காது என்று யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள தருமபுரி மாவட்டத்தின் ரயில், பஸ் வரலாறு நன்றாக உதவும். ஏனென்றால் இந்த மாவட்டத்தில் சீட்டு விலை குறைந்த காலமும் உண்டு, ரயிலே இல்லாமல் போன காலமும் உண்டு.

தூரம் பார்க்காத விலை எங்கிருந்து வந்தது?

இந்த யோசனை முதலில் பெரிய அளவில் வெற்றி பெற்றது தபாலில்தான். 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்று ஆக்கினார்கள். இந்தியாவில் 1854-ல் அரையணா தபால் வந்தது. கடிதத்தின் எடைதான் கணக்கு, தூரம் கணக்கில்லை. 1879-ல் காலணாவுக்கு அஞ்சலட்டையும் வந்துவிட்டது. சாதாரண ஜனங்கள் கடிதம் எழுதத் தொடங்கியதற்கு இந்த ஒரே விலை ஒரு முக்கியக் காரணம்.

தபாலில் இது ஏன் எடுபட்டது? ஒரு மூட்டையில் நூறு கடிதத்துக்குப் பதில் இருநூறு கடிதம் போட்டாலும் பெரிய செலவு கூடாது. கடிதத்துக்குக் கால் வலிக்காது. அது கதவோரம் தொங்கிக்கொண்டு வராது. மனிதர்களை ஏற்றிச் செல்வது அப்படி இல்லை. பழைய வகை பொதுப் பெட்டி ஒன்றில் சுமார் 90 பேர்தான் உட்கார முடியும். தொண்ணூற்றோராவது ஆள் ஏறும்போது ரயில்வேக்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. அந்தச் செலவைத் தருவது நின்றுகொண்டு வருகிற அவரும், அவரால் நெருக்கப்படுகிற மற்றவர்களும்தான். வரவு செலவுக் கணக்கில் இது ஏறாது. அதனாலேயே யாருக்கும் இது தெரிவதில்லை.

தருமபுரிக்கு வந்த ரயிலும் போன ரயிலும்

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக சேலம் போகும் பெரிய பாதை 1860-களின் தொடக்கத்திலேயே போடப்பட்டுவிட்டது. அது இன்றைய தருமபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரமாக, மொரப்பூர், பொம்மிடி வழியாகப் போகிறது. தருமபுரி நகரத்தைத் தொடவே இல்லை.

1876 முதல் 1878 வரை வந்த கொடும் பஞ்சத்தில் பழைய சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. தருமபுரி அப்போது அதில் ஒரு பகுதி. 1880-ல் பஞ்சக் கமிஷன், வறண்ட பகுதிகளுக்கு தானியம் கொண்டு போக ரயில் பாதைகள் வேண்டும் என்று சொன்னது. அந்த வழியில்தான் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஒரு குறுகிய பாதை ரயில் வந்தது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் இடைவெளி. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. ஜனங்களின் அன்றாடப் போக்குவரத்தைவிட பஞ்ச காலத் தானியத்தை மனதில் வைத்துப் போட்ட பாதை இது.

1930-களில் மோட்டார் பஸ்கள் நாடு முழுவதும் ரயிலோடு போட்டி போட்டன. ரயில்-சாலைப் போட்டி பற்றி 1932-ல் அரசாங்கம் தனியாக ஒரு விசாரணை நடத்தும் அளவுக்குப் போனது. சின்னச் சின்ன ரயில் பாதைகள்தான் அதிகம் அடிவாங்கின. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் மொரப்பூர்–தருமபுரி–ஓசூர் பாதையை மூடிவிட்டார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறுகிய பாதையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதன்பின் தருமபுரி நகரத்துக்கு மறுபடி ரயில் வர ஒரு தலைமுறைக் காலம் ஆனது. சேலத்தையும் பெங்களூருவையும் இணைக்கும் மீட்டர்கேஜ் பாதை 1960-களின் இறுதியில்தான் முழுமையாக வந்தது. 1990-களில் அது அகலப் பாதை ஆனது.

இடைப்பட்ட அந்தக் காலத்தில் 25 ரூபாய்க்கு என்ன, இலவசமாகவே சீசன் டிக்கெட் கொடுத்திருந்தாலும் தருமபுரிக்காரர் அதை வைத்து என்ன செய்திருக்க முடியும்? வண்டி இல்லாத ஊரில் சீட்டின் விலைக்கு அர்த்தமே இல்லை. இது ரொம்பச் சாதாரணமான விஷயம்தான். ஆனால் மலிவு விலைத் திட்டங்கள் போடுகிறவர்கள் அடிக்கடி மறந்துபோவதும் இதைத்தான்.

சீசன் டிக்கெட்டின் கணக்கு

இஜ்ஜத்துக்கு வெகுகாலம் முன்பே சீசன் டிக்கெட் உண்டு. இரண்டாம் வகுப்பு மாத சீசனின் விலை தோராயமாக 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணம். 50 பயணம் போகிறவர் 15 பயணத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார். அதாவது முப்பது சதவீதம். 2014 ஜூனில் ரயில் கட்டணத்தை உயர்த்தியபோது சீசனை 30 பயணக் கணக்கில் வசூலிக்கப் போவதாக அறிவித்தார்கள். மும்பையில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே பழையபடி 15 பயணக் கணக்குக்குத் திரும்பிவிட்டார்கள். சீசன் டிக்கெட்டில் கை வைப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை!

சாதாரண சீசனில் தூரம் கூடினால் விலையும் கூடும். இஜ்ஜத்தில் அது கிடையாது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் பயணியின் முடிவையே மாற்றக்கூடியது இதுதான். பக்கத்து ஊரில் 200 ரூபாய் கூலி, 80 கிலோமீட்டர் தள்ளி 300 ரூபாய் கூலி என்றால், சாதாரணமாக வண்டிச் செலவைக் கழித்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஒரே விலை என்றதும் அந்தக் கழித்தல் காணாமல் போகிறது. தூரத்து வேலை லாபமாகிவிடுகிறது. அதனால் ஒரே கட்டணம் வந்தால் ஆட்கள் கூடுவது மட்டுமில்லை, ஒவ்வொருவரும் போகிற தூரமும் கூடும். நடுவில் யாரும் இறங்காமல் கடைசி வரை வந்தால் ஒரு இருக்கை ஒருவருக்கே முழுவதும் போய்விடுகிறது. வழியில் ஏறுகிறவருக்கு இடமே கிடைக்காது.

தருமபுரிக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள அந்த மாவட்டத்தின் நிலைமையைப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமங்களில் இருக்கிறார்கள். எழுத்தறிவில் அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே கடைசி மாவட்டம். மழையை நம்பிய விவசாயம். மழை பொய்த்தால் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று கூலி வேலைக்குப் போவார்கள். இப்படிப்பட்ட மாவட்டத்துக்கென்றே செய்தது போல இருந்தது இஜ்ஜத். ஆனாலும் மூன்று தடைகள்.

முதல் தடை தூரம். தருமபுரியிலிருந்து சேலம் 100 கிலோமீட்டருக்குள் வரும். பெங்களூரு வராது. 2012-13 பட்ஜெட்டில்தான் எல்லையை 150 கிலோமீட்டர் ஆக்கினார்கள்.

இரண்டாவது தடை வருமான வரம்பு. மாதம் 1500 என்றால் நாளைக்கு 50 ரூபாய். அன்றைக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குச் சொன்ன கூலியே 80 ரூபாய். தினமும் ரயிலேறி வேலைக்குப் போய் வருகிற அளவுக்கு வேலை கிடைக்கிறவர் யாரும் 1500-க்குள் நிற்க மாட்டார். அப்படியானால் உண்மையைச் சொல்கிறவருக்குச் சீட்டு கிடைக்காது! நாடாளுமன்ற உறுப்பினர் போன்றவர்களிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும் என்பது விதி. அதில் முறைகேடு நடப்பதாகப் புகார்கள் வந்து, பிறகு விதிகளை இறுக்கினார்கள். மரியாதை என்று பெயர் வைத்த திட்டத்துக்காக ஏழை ஒருவர் தன் ஏழ்மைக்குக் கையெழுத்து வாங்க அலைய வேண்டியிருந்தது.

மூன்றாவது தடைதான் பெரியது. வண்டிகளின் எண்ணிக்கை. ஓமலூரிலிருந்து தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி வழியாக ஓசூர் போகும் பாதை ஒற்றைப் பாதையாகப் போடப்பட்டது. ஒற்றைப் பாதையில் எதிரே ஒரு வண்டி வந்தால் இன்னொரு வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டும். நினைத்த நேரத்துக்கு இன்னொரு பாசஞ்சரை விட முடியாது. போதாக்குறைக்கு தருமபுரி ஸ்டேஷன் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. மொரப்பூரும் பொம்மிடியும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில். ஒரே மாவட்டம், இரண்டு ரயில்வே நிர்வாகம்.

மலிவு விலை ஏன் புதிய வண்டியைக் கொண்டுவருவதில்லை?

கடையில் ஒரு பொருளுக்குக் கிராக்கி கூடினால் கடைக்காரர் அதிகம் வாங்கி வைப்பார். ரயிலில் கூட்டம் கூடினால் ஏன் பெட்டி கூடுவதில்லை?

விடை டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. 2016 முதல் ரயில் டிக்கெட்டுகளில் ஒரு வாசகம் சேர்த்தார்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே கட்டணமாகப் பெறுகிறது என்பது அதன் சாரம். மீதியைச் சரக்கு வண்டியின் லாபம்தான் ஈடுகட்டுகிறது. ஆக ஒவ்வொரு புதிய பாசஞ்சர் வண்டியும் புதிய நஷ்டம். அது ஒற்றைப் பாதையில் ஒரு சரக்கு வண்டியின் இடத்தையும் பிடித்துக்கொண்டால் நஷ்டம் இரண்டு மடங்கு. நிர்வாகத்தின் பக்கம் இருந்து பார்த்தால் மலிவு டிக்கெட் பயணிகள் எல்லோரையும் இருக்கிற வண்டியிலேயே அடைத்துக்கொண்டு போவதுதான் சிக்கனம்.

அப்படியானால் விலையை ஏற்றிவிட்டால் கூட்டம் குறையுமா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் ரயில்வேயின் பயணிகள் வருமானத்தில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்பிலிருந்துதான் வந்தது. அந்த ஜனங்கள் முழுக் கட்டணம் கொடுத்தார்கள். ஆனாலும் ஆடு மாடுகளைப் போல அடைபட்டுத்தான் போனார்கள். 1917-ல் காந்தி மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றி எழுதியபோது இந்த அநியாயத்தைத்தான் எடுத்துச் சொன்னார். பணம் அதிகம் தருகிற கூட்டத்துக்குத்தான் வசதி குறைவு. 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்தார்கள். நெரிசலை எடுக்கவில்லை.

கொரோனா காலத்திலும் ஒன்று நடந்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன பாசஞ்சர் வண்டிகள் திரும்ப ஓடியபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓடின. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இடையில் சுமார் மூன்று ஆண்டுகள், பொம்மிடியிலோ பாலக்கோட்டிலோ பக்கத்து ஸ்டேஷனுக்குப் போக ஏறினவர் மூன்று மடங்கு கொடுத்தார். அந்தப் பணத்துக்குக் கூடுதல் இருக்கை எதுவும் கிடைத்துவிடவில்லை.

பூஜ்ய ரூபாய் டிக்கெட்

சரியாக அந்தச் சமயத்தில்தான் சாலையில் வேறொன்று நடந்தது. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதுவும் ஒரே கட்டணச் சீட்டுதான், விலை மட்டும் பூஜ்யம். தருமபுரி போன்ற இடங்களில் டவுன் பஸ் என்பது டவுனுக்குள் மட்டும் ஓடுவது இல்லை. கிராமங்களிலிருந்து தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று வந்து போகிற வண்டிதான் அங்கே டவுன் பஸ்.

இஜ்ஜத் திட்டத்தின் பெரிய குறை இதில் இல்லை. வருமானச் சான்று கேட்பதில்லை, கையெழுத்து வாங்க அலைய வேண்டியதில்லை. ஏறினால் டிக்கெட். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரிந்தது. நகரப் பேருந்துப் பயணிகளில் பெண்களின் பங்கு சுமார் 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்தைத் தாண்டியது. இதற்காக அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு முதலில் ஆண்டுக்கு 1200 கோடி ஒதுக்கியது. 2024-25-ல் அது 3050 கோடி. எதிர்பார்த்ததைவிட எத்தனை பேர் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள் என்று இந்தத் தொகையே காட்டுகிறது. பணம் இல்லாததால் இத்தனை நாள் போகாமல் இருந்த ஆஸ்பத்திரி, சந்தை, அம்மா வீடு எல்லாம் அந்த எண்களுக்குள் இருக்கின்றன.

ஆனால் கூட்டம்? இலவசம் டவுன் பஸ்ஸில் மட்டும்தான். பின்னாலேயே வருகிற புறநகர் பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டும். அதனால் அதை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவச பஸ் பாஸும் இதே வண்டிகளில்தான் அதிகம் ஓடுகிறது. காலை எட்டரைக்கு எல்லாரும் ஒரே படிக்கட்டில் நிற்கிறார்கள். அங்கே 'ஓசி' என்ற ஒரு சொல் வேறு காதில் விழும். அரசாங்கம் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டது, ஆனால் ஏறுகிறவருக்கு மரியாதை இன்னும் வந்து சேரவில்லை.

மலையில் இருக்கிற கிராமங்களின் கதை இன்னும் தெளிவானது. தருமபுரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வத்தல்மலை. 2021-ல் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்ட அன்று அந்த மலைக்கு அரசு பஸ்ஸே கிடையாது. பிறகுதான் ஏறியது. கீழே இருந்த பெண்களுக்கு விலை பூஜ்யமானது மாற்றம். மேலே இருந்த பெண்களுக்கு வண்டி வந்தது மாற்றம்.

ஜெர்மனியில் மூன்று மாதம்

இது ஏழை நாட்டின் பிரச்சினை மட்டும்தானா என்றால் இல்லை. 2022-ல் ஜெர்மனி விலைவாசியைச் சமாளிக்க ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்துக்கு 9 யூரோ டிக்கெட் விட்டது. மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதும் உள்ளூர் பஸ்ஸிலும் சாதாரண ரயிலிலும் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அதிவேக வண்டிகள் மட்டும் சேராது. சுமார் 5 கோடியே 20 லட்சம் டிக்கெட் விற்றது. 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரயில் பயணங்கள் 2019 ஜூனைவிட 2022 ஜூனில் 42 சதவீதம் அளவுக்குக் கூடின. விடுமுறை நாட்களில் கடற்கரைப் பக்கம் போகிற வண்டிகளில் நிற்கக்கூட இடமில்லை. மூன்று மாதத்தில் விலையைக் குறைக்க முடிந்தது. மூன்று மாதத்தில் பெட்டி செய்யவோ டிரைவரைத் தயார் செய்யவோ முடியவில்லை. 2023 மே மாதம் அதையே 49 யூரோவுக்கு நிரந்தரத் திட்டமாக்கினார்கள். 2025-ல் 58, 2026-ல் 63 என்று விலை ஏறிக்கொண்டே வந்தது.

பணக்கார நாடாக இருந்தாலும் தருமபுரியாக இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். விலையை ஒரு கையெழுத்தில் மாற்றலாம். வண்டியை அப்படி மாற்ற முடியாது.

1844-ல் எழுதிய ஒரு சட்டம்

வழி என்ன என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1844-ல் இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் வர்த்தக அமைச்சராக இருந்தபோது ஒரு ரயில்வே சட்டம் வந்தது. அதுவரை அங்கே ஏழைகள் கூரையில்லாத திறந்த பெட்டிகளில் மழையில் நனைந்தபடி போனார்கள். சட்டம் மைலுக்கு ஒரு பென்னி என்று விலையைக் குறித்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. நாளுக்கு ஒரு வண்டியாவது இரண்டு பக்கமும் ஓட வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும். நிற்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 12 மைல் வேகமாவது போக வேண்டும். பெட்டிக்குக் கூரை வேண்டும், உட்கார இருக்கை வேண்டும். 1883-ல் வந்த இன்னொரு சட்டம், தொழிலாளர்களுக்குத் தேவையான நேரத்தில் மலிவுக் கட்டண வண்டி விடச் சொன்னது. அதற்கு ஈடாகக் கம்பெனிகளுக்கு வரிச் சலுகையும் கொடுத்தது.

அந்தக் கம்பெனிகள் வேண்டாவெறுப்பாகத்தான் இதைச் செய்தன. மெதுவான வண்டிகளை அதிகாலையில் விட்டன. இருந்தாலும் சட்டத்தில் விலையும் வண்டியும் இருக்கையும் ஒன்றாக இருந்தன. இஜ்ஜத்தில் விலை மட்டும்தான் இருந்தது. சீட்டு உண்டு, எத்தனை வண்டி, எத்தனை பெட்டி, எத்தனை மணிக்கு என்று ஒரு வரிகூட இல்லை.

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2016-17-ல் அனுமதி கிடைத்தது. 1941-ல் பிடுங்கிய இணைப்புதான் இது. நிலம் எடுப்பதிலேயே பல ஆண்டுகள் போய்விட்டன. இத்தனை காலம் தருமபுரிக்குக் கிடைக்காமல் போனதன் பெயர் மலிவு டிக்கெட் இல்லை, தண்டவாளம்.

மலிவு டிக்கெட் தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. 888 ரூபாய் மிச்சப்படுகிற வீட்டில் அது அரிசியாகவும் பிள்ளையின் பீஸாகவும் மாறுகிறது. ஆனால் அந்த மிச்சத்தில் ஒரு பங்கை அந்தப் பெண்ணே வேறு விதத்தில் கட்டுகிறார், ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஒற்றைக் காலில் நின்றும். இனி யாராவது மேடையில் ஒரு புதிய சலுகைச் சீட்டை அறிவித்தால், விலை என்ன என்று கேட்பதோடு, அதற்காக எத்தனை வண்டி கூடுதலாக ஓடும் என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிற திட்டத்துக்குத்தான் 'மரியாதை' என்ற பெயர் பொருந்தும்.